நஞ்சின் கலமும் உணவின் கலமும்

மைசூர் நகரில் மண்டி மொஹல்லா என்று ஒரு வட்டாரம் உண்டு. மண்டி என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. அரிசி மண்டி, வெங்காய மண்டி, வாழைக்காய் மண்டி என்று நாமும் வழங்குகின்றோம். மொஹல்லா என்பது நகரின் ஒரு பகுதியைக் குறிப்பது. பெயருக்கு ஏற்ப இது வாணிகம் மிகுந்த இடம். கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகள் இங்கே ஒரே தெருவில் காதில் விழும்.

இத்தகைய கடைத்தெருக்களில் காலிக் கலங்களுக்கும் விலை உண்டு. எண்ணெய் டின், சாக்கு, கண்ணாடிப் புட்டி, பிளாஸ்டிக் கேன் யாவும் கழுவப்பெற்று மறுபடியும் விற்பனைக்கு வருகின்றன. சில காலத்துக்கு முன் அவ்வட்டாரத்தில் ஒரு பழைய சாமான் கடையின் முன்னே, மூதாட்டி ஒருவர் ஒரு வெள்ளைக் கேனுக்கு விலை பேசிக்கொண்டிருந்ததை இக்கட்டுரையாளர் கண்டார். கேனின் முகப்பில் ஒட்டியிருந்த சீட்டு சுரண்டப்பட்டிருந்தது. எனினும் சாய்ந்து நின்ற சதுரம் ஒன்றின் கீழ்மூலையில் சிவப்பு நிறம் சிறிது எஞ்சியிருந்தது. "எண்ணெய் வைத்துக்கொள்ள வேண்டும்" என்றார் மூதாட்டி. "நன்றாகக் கழுவியதுதான் அம்மா, வாசனைகூட இல்லை" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சிவப்பின் பொருளை அவரும் அறியார், வாங்க வந்தவரும் அறியார். சீட்டின் மிச்சத்தைக் காட்டி எடுத்துச் சொன்ன பின்னர் அந்த விற்பனை நின்றது.

அச்சிவப்பு நிறம் ஒரு சட்டத்தின் கட்டளையால் அங்கே அச்சிடப்பட்டது. அச்சட்டமோ நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியான பின்னர்ப் பிறந்தது. அந்த வரலாற்றையும், நஞ்சை உணவினின்றும் பிரித்து வைப்பதற்குச் சட்டம் வகுத்துள்ள முறைகளையும், அச்சட்டத்தின் கை எட்டாத இடத்தையும் இங்கே ஆராய்வோம்.

ஒரு கப்பல் கற்பித்த பாடம்

1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரள மாநிலத்திலும் அக்காலத்திய சென்னை மாநிலத்திலும் பலர் உணவு உண்டபின் திடீரென நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் உண்டது கோதுமை மாவினால் ஆன பண்டங்களே. மாவு கெட்டுப்போகவில்லை, கிருமியும் இல்லை. ஆராய்ந்தபொழுது, பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி மாவில் கலந்திருந்தது தெரிய வந்தது.

கலந்தவர் எவரும் இலர். கப்பலில் உணவுப் பொருள்களும் பாரத்தியான் பெட்டிகளும் அருகருகே ஏற்றப்பட்டு வந்தன. வழியில் பெட்டிகளிலிருந்து கசிந்த திரவம் மூட்டைகளில் ஊறியது. ஊறிய மூட்டை உலர்ந்ததும் மற்ற மூட்டைகளைப் போன்றே தோன்றியது. துறைமுகத்திலும் கிடங்கிலும் கடையிலும் அதை வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் ஒன்றும் இல்லை. அடுப்பின் வெப்பமும் அந்நஞ்சை முற்றும் அழிக்கவில்லை.

இத்துயரத்தைக் குறித்து விசாரிக்க, அப்பொழுது பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜே.சி. ஷா அவர்களை மத்திய அரசாங்கம் நியமித்தது. பிற்காலத்தில் இவர் இந்தியாவின் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். அவ்விசாரணையின் சிபாரிசுகளையும், பின்னர் அமைந்த குழுக்களின் கருத்துகளையும் தழுவி 1968ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1971ஆம் ஆண்டில் விதிகள் வெளியாயின. துயரம் நிகழ்ந்ததற்கும் விதிகள் வந்ததற்கும் இடையே 13 ஆண்டுகள் கழிந்தன.

இத்தகைய விபத்து நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1967ஆம் ஆண்டு நவம்பரில், தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் சிக்கின்கிரா என்னும் ஊரில், காலையில் ரொட்டி உண்ட பலர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். மாவு மூட்டைகள் வந்த லாரியிலேயே பாரத்தியானும் ஏற்றப்பட்டு வந்ததே அங்கும் காரணம். கப்பலும் கடலும் வேறாயினும் பிழை ஒன்றே. நஞ்சும் உணவும் ஒரே கூரையின்கீழ்ப் பிரயாணம் செய்தன.

நஞ்சு எவ்வாறு செயற்படுகின்றது

பாரத்தியான் ஆர்கனோபாஸ்பேட் எனப்படும் இரசாயன வகையைச் சேர்ந்தது. நம் உடலில் ஒரு நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்பொழுது அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரக்கின்றது. கட்டளை நிறைவேறியதும் அப்பொருளைச் சிதைத்து அகற்றுவதற்கென ஒரு நொதி உண்டு. ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியைச் செயலற்றதாக்கிவிடும். கட்டளை நிற்பதில்லை. தசைகள் துடிக்கும், எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகும், கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும், முடிவில் மூச்சு தடைப்படும். பூச்சியைக் கொல்வதும் இதே முறைதான். பூச்சியின் நரம்புக்கும் மனிதனின் நரம்புக்கும் இவ்விஷயத்தில் வேற்றுமை சிறிதே.

அட்ரோபின் என்னும் ஊசி மருந்து இதற்கு நச்சு முறியாகும். ஆயினும், உட்கொள்ளப்பட்ட நஞ்சு இன்னதென்று வைத்தியர் விரைவில் அறிந்தால்தான் சிகிச்சை உரிய காலத்தில் தொடங்கும். அதை அவருக்குச் சொல்லக்கூடியது கலத்தின்மேல் ஒட்டிய சீட்டு ஒன்றே.

மூன்று காவல்கள்

1971ஆம் ஆண்டு விதிகளைப் பொறுமையுடன் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். அவை நஞ்சுக்கும் உணவுக்கும் நடுவே மூன்று காவல்களை நிறுத்துகின்றன. முதலாவது கலத்தின் சுவர், இரண்டாவது சுவரின்மேல் உள்ள குறி, மூன்றாவது இடைவெளி.

முதற்காவலைப் பற்றிய விதி சுருக்கமானது. பூச்சிக்கொல்லி அடைக்கப்படும் பொட்டலமோ கலமோ, பதிவுக் குழு ஏற்றுக்கொண்ட வகையினதாக இருத்தல் வேண்டும். விதிப்படி அடைக்கப்பட்டுச் சீட்டு ஒட்டப்படாத பூச்சிக்கொல்லியை எவரும் விற்கவோ, விற்பனைக்கு இருப்பு வைக்கவோ கூடாது. எனவே, பெரிய கேனிலிருந்து சிறிய புட்டியில் ஊற்றி, "இதை ஒரு டாங்கிக்குக் கலந்துகொள்ளுங்கள்" என்று கொடுத்தனுப்புவது சட்டத்துக்கு மாறானது. அப்படி ஊற்றும்பொழுது திரவம் மட்டுமே புட்டிக்குள் செல்லும், குறி பழைய கலத்திலேயே தங்கிவிடும்.

நான்கு நிறங்கள்

இரண்டாவது காவல் குறி. பூச்சிக்கொல்லிகளை நச்சுத்தன்மைக்கு ஏற்ப நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தை விதிகள் வகுத்துள்ளன. சோதனைக்கு உட்படுத்தப்பட்ட விலங்குகளுள் பாதியைக் கொல்லும் அளவே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. விலங்கின் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் இத்தனை மில்லிகிராம் என்று அது கணக்கிடப்படும். வாய்வழியாக உட்சென்றால்,

1 முதல் 50 மி.கி. வரையில் கொல்வது மிகக் கொடிய நஞ்சு, நிறம் சிவப்பு.

51 முதல் 500 மி.கி. வரையில் கொல்வது கடும் நஞ்சு; நிறம் மஞ்சள்.

501 முதல் 5,000 மி.கி. வரையில் கொல்வது நடுத்தர நஞ்சு, நிறம் நீலம்.

5,000 மி.கி.க்கு மேற்பட்ட அளவில் கொல்வது சிறு நஞ்சு, நிறம் பச்சை.

எண் சிறிதாக ஆக நஞ்சு கொடிதாகும் என்பதை மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். ஏனெனில், பெரிய எண்ணே பெரிய அபாயம் என்று எண்ணுவது இயல்பு. பச்சை நிறம் கண்டு, தீங்கற்றது என்று கருதுவதும் தவறு. பச்சையும் நஞ்சின் வரிசையில் கடைசி இடமே அன்றி, அவ்வரிசைக்கு வெளியே உள்ளதன்று.

குறியின் வடிவம் யாதெனில், மூலையில் நிற்குமாறு சாய்த்து வைத்த ஒரு சதுரம். அது சீட்டின் முகப்புப் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். சதுரத்தின் மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல் நிற்கும், கீழ்ப்பாதியில் நிறம் நிற்கும். சிவப்பு வகைக்கு மண்டையோடும் குறுக்கெலும்புகளும் சேர்ந்து நிற்கும். சீட்டில் தயாரித்தவர் பெயர், பதிவு எண், நச்சுப் பொருளின் பெயரும் விழுக்காடும், தொகுதி எண், காலாவதி நாள், நச்சு முறி ஆகியவை இடம்பெறும். சீட்டு எளிதில் உரித்தெடுக்க முடியாதவாறு ஒட்டப்படல் வேண்டும். மண்டி மொஹல்லாவில் அந்தச் சிவப்பு எஞ்சி நின்றதற்கு இவ்விதியே காரணம். சுரண்டியவர் வார்த்தைகளை அழித்தார், நிறத்தை முற்றும் அழிக்க அவரால் இயலவில்லை.

பல மொழிகள் வழங்கும் தெருவுக்கு நிறம் ஒரு பொதுமொழி. எழுதப் படிக்க அறியாதவரும் அதைப் படிக்கலாம். ஆனால் எந்த மொழியும் ஒருவர் கற்பித்தால் அன்றி வருவதில்லை. நிறத்தின் மொழியும் அவ்வாறே.

மருந்து என்னும் சொல்

சீட்டுடன் ஒரு துண்டுப் பிரசுரமும் பொட்டலத்துக்குள் வைக்கப்படல் வேண்டும் என்பது விதி. எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, எவ்வாறு தெளிப்பது என்பதோடு, நஞ்சேறியதன் அறிகுறிகள், முதலுதவி, நச்சு முறி, காலிக் கலத்தை அகற்றும் முறை ஆகியவையும் அதில் கூறப்படும். இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றுடன், சரக்கு விற்பனையாகும் பகுதியில் வழங்கும் ஓரிரு மொழிகளிலும் அது அச்சிடப்படும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்க்கு இங்கே சில சங்கடங்கள் தோன்றுவது உண்டு. ஆங்கிலத்தில் நஞ்சை முறிக்கும் பொருளுக்கு உள்ள சொல்லை "மாற்று மருந்து" என்று தமிழில் பெயர்ப்பது வழக்கம். ஆனால் உழவரோ பூச்சிக்கொல்லியையே மருந்து என்கிறார். அவருக்கு "மாற்று மருந்து" என்பது, இந்தப் பூச்சிக்கொல்லிக்குப் பதிலாகத் தெளிக்கத்தக்க வேறொன்று என்று பொருள்படலாம். "நச்சு முறி" என்று எழுதினால் இந்த மயக்கத்துக்கு இடமில்லை.

இதனினும் ஆழமான இடர் ஒன்று உண்டு. தலைவலிக்குக் கொடுப்பதும் மருந்து, கத்தரிச் செடிக்கு அடிப்பதும் மருந்து. கன்னடத்திலும் ஔஷதி என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குகின்றது. வீட்டில் மருந்து என்று அழைக்கப்படும் பொருளின் புட்டியை, மருந்துப் புட்டிகளோடு வைப்பதில் ஒரு சிறுவனுக்குத் தவறு தோன்றாது. சட்டம் நஞ்சு என்று அச்சிடுகின்றது. ஊர் மருந்து என்று சொல்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமைப்பவர் ஆசிரியரும் களப்பணியாளருமே.

இடைவெளி

மூன்றாவது காவல் 1958ஆம் ஆண்டின் துயரத்திலிருந்து நேராகப் பிறந்தது. உணவுப் பொருளுடனோ கால்நடைத் தீவனத்துடனோ நேரில் தொடும்படி எந்தப் பூச்சிக்கொல்லியையும் ஏற்றிச் செல்லவோ இருப்பு வைக்கவோ கூடாது. பிரயாணத்திலோ கிடங்கிலோ பொட்டலம் சிதைந்து உணவுப் பொருளில் நஞ்சு கலந்திருப்பின், மாநில அரசு குறிப்பிட்டுள்ள தகுதி வாய்ந்த அதிகாரிகள் பரிசோதிக்கும் வரை அவ்வுணவை மக்களுக்கு வழங்கலாகாது. நஞ்சு கசிந்து விட்டால், நிலமும் நீரும் மாசுபடாதவாறு உடனே நடவடிக்கை எடுப்பது ஏற்றிச் செல்பவரின் அல்லது கிடங்கு உடையவரின் பொறுப்பு. கடையிலும் கிடங்கிலும் தனி அறையிலோ, பூட்டிய தனி அலமாரியிலோ பூச்சிக்கொல்லியை வைத்தல் வேண்டும்.

சட்டத்தின் கை எட்டாத இடம்

தொழிற்சாலை, கப்பல், ரயில், கிடங்கு, கடை ஆகிய எல்லா இடங்களிலும் இம்மூன்று காவல்களும் நிற்கின்றன. பூச்சிக்கொல்லி வயலுக்குச் சென்று தெளிக்கப்பட்ட பின் என்ன நிகழ்கின்றது? கலம் காலியாகின்றது. அது உறுதியானது, மூடியுள்ளது, விலை கொடுத்து வாங்கியது. எறிய மனம் வருவதில்லை. சீட்டைச் சுரண்டியதும் இரண்டாவது காவல் மறைகின்றது. சமையலறைக்குள் வந்ததும் மூன்றாவது காவல் மறைகின்றது. எஞ்சும் கலத்தின் சுவரே நஞ்சின் இருப்பிடமாகிவிடுகின்றது.

2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் உள்ள கண்டாமன் என்னும் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடய அறிவியல் ஆய்வு காட்டியது. அதுவும் ஆர்கனோபாஸ்பேட் வகையே, சிவப்பு நிறம் பெற்றதே. பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் கூறப்பட்டது. 1958க்குப் பின் 55 ஆண்டுகள் கழிந்திருந்தன. சட்டம் இருந்தது, விதிகள் இருந்தன, நிறமும் இருந்தது. கடைசி ஓர் அடியில் காவல் இல்லை.

கழுவினால் போதாதா என்று பலர் கேட்பர். பூச்சிக்கொல்லிகளுள் பல நீரில் எளிதில் கரைவதில்லை. எனவே அவை எண்ணெய் போன்ற கரைப்பான்களில் கரைத்து விற்கப்படுகின்றன. இத்திரவம் பிளாஸ்டிக் சுவரில் சிறிது ஊறி உள்ளே தங்கும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் மேற்பரப்பில் இருப்பது போகும், ஊறியிருப்பது போகாது. பின்னர் அதே கலத்தில் சமையல் எண்ணெய் ஊற்றினால், நீருக்கு வராத நஞ்சு எண்ணெய்க்கு மெல்ல மெல்ல வந்து சேரும். வாசனை இல்லாமை ஒரு சான்றன்று. கொல்லும் அளவை மூக்கு அறியும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆதலின், காலிக் கலங்களை மறுபடி பயன்படுத்த இயலாதவாறு உடைத்து, குடியிருப்புகளுக்கு அப்பால் புதைத்தல் வேண்டும் என்று விதி கூறுகின்றது. வெளியில் போட்டுவைப்பதும் கூடாது. தெளிப்பான் நிரப்பும்பொழுதே கலத்தை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடுதல் பல நாடுகளில் பின்பற்றப்படும் நன்முறை. அலசுவது கலத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதற்காக அன்று, நஞ்சைக் குளத்துக்கும் மண்ணுக்கும் விடாமல் பயிருக்கே செலவழிப்பதற்காக. அதன்பின் அடியில் துளையிட்டுவிட்டால் அது ஒருபோதும் எண்ணெய்க் கலம் ஆகாது.

உணவைச் சுற்றும் உறை

காவலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நஞ்சின் கலத்துக்கு விதி இருப்பதுபோல் உணவின் கலத்துக்கும் விதி உண்டு. மைசூரிலேயே, செலுவாம்பா மாளிகையில், 1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி ஸ்தாபனம், உணவை அடைக்கும் உறைகளையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டுள்ளது.

2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல ஒழுங்குமுறைகள், பிளாஸ்டிக் உறையிலிருந்து உணவுக்குள் செல்லும் பொருள்களின் மொத்த அளவு ஒரு கிலோகிராமுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரையறுக்கின்றன. செய்தித்தாளில் உணவை மடித்துக் கொடுப்பதும் தடுக்கப்பட்டுள்ளது. அச்சு மையிலுள்ள இரசாயனங்கள் சூடான, எண்ணெய்ப் பசையுள்ள பண்டத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். நஞ்சுக் கேனில் நிகழ்வதே இங்கும் சிறிய அளவில் நிகழ்கின்றது. உறையில் இருப்பது உணவுக்கு வருகின்றது. பள்ளிக்கு அருகில் வடையும் போண்டாவும் பழைய தாளில் வாங்கி உண்ணும் மாணவர்க்கு இதனை எண்ணெய்க் கறையைக் காட்டியே விளக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

களப்பணியாளர் வயலுக்குச் செல்லும்பொழுது, எதைத் தெளித்தீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், காலிக் கலம் எங்கே என்றும் கேட்டல் வேண்டும். கடைகளில் சீட்டில்லாப் புட்டிகளைக் கண்டால் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்குத் தெரிவித்தல் வேண்டும். நஞ்சேறிய நிகழ்ச்சிகளை உரிய அதிகாரிக்கு அறிவிக்கும் கடமையை இன்னாருக்கு உரியது என்று அறிவிக்கை வாயிலாக விதிக்க மாநில அரசுக்குச் சட்டம் அதிகாரம் அளிக்கின்றது. தத்தம் மாநிலத்தில் அது யாருக்கு விதிக்கப்பட்டுள்ளது என்பதை ஒவ்வொருவரும் கேட்டு அறிந்துகொள்வது நன்று.

எவரேனும் நஞ்சேறித் துன்புற்றால், நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். மயங்கியவர்க்கு வாய்வழியாக எதையும் புகட்டலாகாது. புறப்படும்பொழுது அந்தக் கலத்தையோ சீட்டையோ உடன் கொண்டுசெல்ல மறத்தலாகாது.

ஆசிரியர்க்கு உரிய பணி இன்னும் எளியது, இன்னும் பெரியது. கரும்பலகையில் ஒரு சதுரத்தைச் சாய்த்து வரைந்து, கீழ்ப்பாதியில் நான்கு நிறங்களை மாற்றி மாற்றித் தீட்டிக் காட்டுதல் ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடியும். "இந்தச் சதுரம் உள்ள கலம் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வாருங்கள், தொடாமல் வாருங்கள்" என்று மாணவரிடம் சொல்லி அனுப்பினால், மறுநாள் அவர்கள் கொண்டுவரும் விடைகள் ஆசிரியரையே திகைக்கச் செய்யலாம். பள்ளியில் உணவு சமைக்கும் இடத்தில் உள்ள ஒவ்வொரு டப்பாவும் கேனும் முன்னர் எதற்குப் பயன்பட்டது என்று விசாரித்தல், இன்றே செய்யத்தக்க பணி.

ஆபத்தான பூச்சிக்கொல்லிகள் சில நம் நாட்டில் படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றன. மெத்தில் பாரத்தியான் 2018ஆம் ஆண்டின் ஆணையால் தடுக்கப்பட்டது. மானோகுரோட்டோபாஸ் 36 விழுக்காட்டுக் கரைசலை விலக்க 2023ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. ஆயினும் ஒரு நஞ்சை விலக்கிய பின்னரும் அது இருந்த கலங்கள் ஊரில் உலவிக்கொண்டிருக்கும். ஆணை கலத்தைத் தேடி வருவதில்லை.

மண்டி மொஹல்லாவின் அந்த மூதாட்டி கேனை வாங்காமல் திரும்பினார். கடைக்காரர் அதைக் கடையின் பின்புறம் எடுத்துச் சென்றார். அது உடைக்கப்பட்டதா, மறுநாள் மறுபடி முன்னே வந்ததா என்பதை இக்கட்டுரையாளர் அறியார். அதை வாங்க வரும் அடுத்தவர் அந்தச் சிவப்பு நிறத்தின் பொருளை அறிந்தவராக இருந்தால், அவ்வினாவுக்கு அவசியம் இராது.